ஏரியா ஃபுட்பால் கிளப், எல்லாருக்குமான கிரவுண்ட்: மொதல்ல எதுல காசு போடறது?

நாலஞ்சு பேர் சேந்து ஒரு கிளப் ஆரம்பிக்கலாம்னு இருக்கோம், பசங்க மட்டும் இல்லாம பொண்ணுங்க, வயசானவங்க, வீல்சேர்ல வர்றவங்கன்னு எல்லாரும் ஆடணும், ஆனா இருக்குற இடம் ஃபுல் சைஸ் கிரவுண்டுக்கு பத்தாது. என்ன பண்ணலாம்?

பதில் 1:
ஃபுல் சைஸ் எதுக்குங்க? 105க்கு 68 மீட்டர்லாம் பெரியவங்க மேட்சுக்கு. 40க்கு 20 இருந்தா ஃபைவ்ஸ் (டீமுக்கு அஞ்சு பேர் ஆடற ஃபுட்பால்) தாராளமா ஆடலாம், பார்வையில்லாதவங்க ஃபுட்பாலுக்கும் அதே அளவுதான், ரெண்டு பக்கமும் சைடு போர்டு வைக்கணும், பந்து உருளும்போது உள்ள சத்தம் வரும், அத கேட்டுதான் ஆடுவாங்க, அதனால ஆட்டம் நடக்கும்போது பாக்குறவங்க வாயத் தொறக்கக்கூடாது (நம்மாளுங்களுக்கு அதான் பெரிய கஷ்டம்).

பதில் 2:
புல்லு போடறதுக்கு முன்னாடி டாய்லெட்ட கட்டுங்க. பூட்டுற மாதிரி கதவு, நல்ல லைட், டிரஸ் மாத்த தனி ரூம், இதெல்லாம் இல்லன்னா பொண்ணுங்க ரெண்டு வாரம் வருவாங்க, அப்புறம் நின்னுடுவாங்க. ரேம்ப் 1 அடி ஏற 12 அடி நீளமாவது வேணும். பவர்சேர் ஃபுட்பால் (மோட்டார் வீல்சேர்ல ஆடறது) புல்லுல ஓடாது, பாஸ்கெட்பால் கோர்ட் மாதிரி கெட்டித் தரை வேணும்.

பதில் 3:
வயசானவங்களுக்கு வாக்கிங் ஃபுட்பால் வைங்க, ஓடுனா ஃபௌல். சின்னப் பசங்களுக்கு 5ஆம் நம்பர் பந்து வாங்கிடாதீங்க, 8லேர்ந்து 12 வயசுக்கு 4 போதும். சாயந்தர ஸ்லாட் யாருக்குன்னு இப்பவே எழுதி ஒட்டிடுங்க, இல்லன்னா பெரிய பசங்களே மொத்தமா புடிச்சுக்குவாங்க.