6–6: கடைசி இரண்டு ஆட்டத்துக்கு உங்கள் கணிப்பு என்ன?

சிப்பாய்64 | டிசம்பர் 10, 2024
இன்று ஓய்வு நாள். சிங்கப்பூரில் நடக்கும் உலகச் சதுரங்கப் பட்டப் போட்டியில் குகேஷ் 6, நடப்புச் சாம்பியன் டிங் லிரென் 6. மீதி இரண்டே ஆட்டம். 13ஆவது ஆட்டத்தில் குகேஷுக்கு வெள்ளைக் காய், 14ஆவதில் டிங்குக்கு வெள்ளை. அப்போதும் சமன் என்றால் 13ஆம் தேதி ரேபிட் டைபிரேக்கர், அதாவது குறைந்த நேரத்தில் ஆடி முடிவு காணும் ஆட்டங்கள். விதி வழக்கம்போலத்தான்: ஓர் ஆட்டத்தின் முடிவைச் சரியாகச் சொன்னால் 1 புள்ளி, 14 ஆட்டம் முடிந்த ஸ்கோரைச் சொன்னால் 2. 13ஆவது ஆட்டம் தொடங்கிய பிறகு பதிவைத் திருத்தினால் செல்லாது. காரணம் எழுதாத கணிப்பை மதிக்க மாட்டேன், ஆனால் புள்ளி தருவேன்.

எலோகணக்கு | டிசம்பர் 10
13: குகேஷ் வெற்றி. 14: டிரா. இறுதி 7.5–6.5.
போட்டி தொடங்கும்போது ரேட்டிங் (ஆட்ட பலத்தை அளக்கும் எண்) குகேஷுக்கு 2783, டிங்குக்கு 2728. 55 புள்ளி வித்தியாசம் என்றால் ஓர் ஆட்டத்துக்குக் குகேஷ் பக்கம் சராசரி 0.58. பன்னிரண்டு ஆட்டத்தில் ஏறக்குறைய 7 எடுத்திருக்க வேண்டியவர் 6தான் எடுத்திருக்கிறார். ஒரு புள்ளி பாக்கி இருக்கிறது.

பழைய கடிகாரம் | டிசம்பர் 10
13: டிரா. 14: டிரா. 7–7. ரேபிட்டில் டிங்.
தம்பி எலோகணக்கு, ரேட்டிங் என்ன கடன் கொடுத்தவனா, 13ஆவது ஆட்டத்தில் வந்து பாக்கியை வசூலிக்க? போன ஆட்டம் எப்படிப் போனது என்பது சூத்திரத்துக்குத் தெரியாது. 2000இல் லண்டனில் நடந்த உலகப் பட்டப் போட்டியில் ரேட்டிங்கைப் பார்த்தவர்கள் எல்லாரும் காஸ்பரோவ் என்றார்கள். அவர் கிராம்னிக்கிடம் ஓர் ஆட்டம்கூட ஜெயிக்காமல் பட்டத்தைக் கொடுத்துவிட்டுப் போனார்.
என் காரணம் வேறு. 2023இல் அஸ்தானாவில் நடந்த பட்டப் போட்டியை நினைத்துப் பாருங்கள். நெபோம்னியாஷி மூன்று முறை முன்னிலை எடுத்தார், மூன்று முறையும் டிங் சமன் செய்தார். கடைசியாகச் சமன் செய்தது 12ஆவது ஆட்டத்தில். அப்புறம் 13 டிரா, 14 டிரா, ரேபிட்டில் பட்டம். இங்கேயும் 11இல் தோற்று மறுநாளே 12இல் ஜெயித்திருக்கிறார். இந்த மனிதரை விழவைக்கலாம், படுக்கவைக்க முடியாது.

எலோகணக்கு | டிசம்பர் 10
பாக்கி என்று எழுதியது தப்புதான் அண்ணே, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 0.58 அப்படியேதான் இருக்கிறது, அதுவும் அடுத்த ஆட்டத்தில் வெள்ளை. குகேஷின் இரண்டு வெற்றியும், 3ஆவது, 11ஆவது ஆட்டம், வெள்ளையில் வந்தவை. உங்கள் அஸ்தானா கதைக்கு ஒரே ஓர் உதாரணம்தானே இருக்கிறது? ஒரு தடவை நடந்ததை வைத்து ஜாதகம் எழுதுவது எந்தக் கணக்கு?

சதுரங்கப்பைத்தியம் | டிசம்பர் 10
13உம் குகேஷ், 14உம் குகேஷ். 8–6. டொராண்டோ கேண்டிடேட்ஸுக்கு (பட்டத்துக்குச் சவால் விடுபவரைத் தேர்ந்தெடுக்கும் போட்டி) முன்னால் குகேஷ் ஜெயிப்பதைக் கற்பனைகூடச் செய்ய முடியவில்லை என்று சொன்னவர் முன்னாள் உலகச் சாம்பியன் கார்ல்சன். பையன் ஜெயித்துக் காட்டினான். கார்ல்சனுக்கே தப்பும்போது நான் எதற்குக் கணக்குப் போட வேண்டும்?

பழைய கடிகாரம் | டிசம்பர் 10
இது கணிப்பு இல்லை, நேர்த்திக்கடன்.

என்ஜின்பார்க்காதவன் | டிசம்பர் 10
நான் ஸ்கோர் சொல்லப் போவதில்லை. ஒன்றுதான் சொல்ல வேண்டும். இங்கே எல்லாரும் யார் பலசாலி என்று பேசுகிறீர்கள். டிங்குக்கு என்ன வேண்டும் என்று யாரும் பேசவில்லை. அவருக்கு ரேபிட் வேண்டும். அதற்காகக் கையில் இருக்கும் நல்ல நிலையைக்கூட விட்டுவிட்டு டிராவுக்கு ஒதுங்குகிறார். அப்படி ஒதுங்குபவர் கொஞ்சம் கொஞ்சமாக மோசமான நிலைக்குப் போய், அதைக் காப்பாற்றியபடியே நாலைந்து மணி நேரம் உட்கார வேண்டியிருக்கும். எதிரில் இருப்பவருக்குத் தோற்கும் பயமே இல்லாமல் அழுத்திப் பார்க்கும் வசதி. வயது 18, களைப்பும் இல்லை.

பழைய கடிகாரம் | டிசம்பர் 10
2018 பட்டப் போட்டியில் கார்ல்சனும் அதைத்தானே செய்தார்? கருவானாவுடன் 12 ஆட்டமும் டிரா. கடைசி ஆட்டத்தில் நல்ல நிலையில் இருந்துகொண்டே டிரா கேட்டார், திட்டாத ஆள் இல்லை. ரேபிட்டில் 3–0. ரேபிட்டில் யார் பலசாலியோ அவர் அங்கே போகப் பார்ப்பது புத்திசாலித்தனம்.

என்ஜின்பார்க்காதவன் | டிசம்பர் 10
ஐயா, நீங்களே எழுதிவிட்டீர்கள்: நல்ல நிலையில் இருந்துகொண்டு கேட்டார். கதவு பக்கத்தில் நின்று வெளியே போவது வேறு, கூரைமேல் நடந்து போய்ச் சேருவது வேறு.

சிப்பாய்64 | டிசம்பர் 11
13ஆவது ஆட்டம் டிரா. 69 மூவ். கடிகாரத்துக்கு 1 புள்ளி.

எலோகணக்கு | டிசம்பர் 11
நொந்துவிட்டேன். பிரெஞ்சுத் தடுப்பு என்ற தொடக்கம், குகேஷ் கை மேலோங்கியிருந்தது. 31ஆவது மூவில் டிங் யானையை எஃப்8 கட்டத்துக்குக் கொண்டுபோனார் பாருங்கள், அந்த ஒன்றைத் தவிர வேறு எது ஆடியிருந்தாலும் கதை முடிந்திருக்கும்.

பழைய கடிகாரம் | டிசம்பர் 11
அதைக் கண்டுபிடிக்கிறவரைத்தான் படுக்கவைக்க முடியாது என்றேன். 1–0, என் பக்கம்.

சதுரங்கப்பைத்தியம் | டிசம்பர் 12
14ஆவது ஆட்டம் இறுதிக்கட்டத்துக்கு வந்துவிட்டது. டிங் ஒரு சிப்பாயைக் கொடுத்துவிட்டு எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டார். ஆளுக்கு ஒரு யானை, ஒரு பிஷப். குகேஷுக்கு இரண்டு சிப்பாய், டிங்குக்கு ஒன்று, எல்லாம் ஒரே பக்கம். டிராதானா?

பழைய கடிகாரம் | டிசம்பர் 12
டிராதான். நாளை ரேபிட்டுக்கு நேரம் ஒதுக்கி வையுங்கள்.

எலோகணக்கு | டிசம்பர் 12
டிரா. ஆனால் கை குலுக்காமல் ஆடிக்கொண்டே இருக்கிறான் பையன்.

சதுரங்கப்பைத்தியம் | டிசம்பர் 12
யானை எஃப்2!!!!! டிங் யானையை எதிரில் கொண்டு வைத்துவிட்டார்!!!

என்ஜின்பார்க்காதவன் | டிசம்பர் 12
55ஆவது மூவ். டிங்கின் பிஷப் ஏ8 மூலையில் கிடக்கிறது. யானைகள் வெட்டிக்கொண்டதும் குகேஷ் தன் பிஷப்பை டி5இல் வைத்தால் அதுவும் மாறியே தீர வேண்டும், ஓட இடமில்லை. மிச்சம் ராஜாவும் இரண்டு சிப்பாயும், எதிரில் ராஜாவும் ஒரு சிப்பாயும். முடிந்தது. குகேஷ் முகத்தைப் பாருங்கள், அவருக்கே நம்ப முடியவில்லை.

சதுரங்கப்பைத்தியம் | டிசம்பர் 12
58 மூவ். டிங் கை கொடுத்துவிட்டார். குகேஷ் அழுதுகொண்டே காய்களை அடுக்கி வைக்கிறார். எனக்கும் திரை சரியாகத் தெரியவில்லை.

பழைய கடிகாரம் | டிசம்பர் 12
வாழ்த்துகள். 1985இல் காஸ்பரோவ் 22 வயதில் பட்டம் வாங்கியபோது இதைவிடச் சின்ன வயதில் யாராலும் முடியாது என்று நினைத்தேன். என் கணிப்புகளின் தரம் அன்றிலிருந்து இப்படித்தான்.

சிப்பாய்64 | டிசம்பர் 12
புள்ளிக் கணக்கு. இறுதி ஸ்கோர் 7.5–6.5. கடிகாரம்: 13 சரி, 1 புள்ளி. பைத்தியம்: 14 சரி, 1 புள்ளி. எலோகணக்கு: இரண்டு ஆட்டமும் தப்பு, இறுதி ஸ்கோர் சரி, 2 புள்ளி. எலோகணக்கு முதலிடம்.

பழைய கடிகாரம் | டிசம்பர் 12
இரண்டு ஆட்டத்தையும் தப்பாகச் சொன்னவனுக்கு முதலிடமா? இது என்ன நியாயம்?

எலோகணக்கு | டிசம்பர் 12
அண்ணே, சராசரி என்றால் அதுதான்.

சதுரங்கப்பைத்தியம் | டிசம்பர் 12
டிங் வெள்ளை ஆடும் ஆட்டத்தில் குகேஷ் ஜெயிப்பார் என்று எழுதியது இந்த இழையில் நான் ஒருவன்தான். காரணம் எழுதவில்லை என்று அரைப் புள்ளி வெட்டிவிடாதீர்கள்.

பழைய கடிகாரம் | டிசம்பர் 12
எனக்கு என்ஜின்பார்க்காதவன் மேல்தான் கோபம். சரியாகச் சொன்ன ஒரே ஆள், ஸ்கோர் எழுதாமல் போய்விட்டார்.

என்ஜின்பார்க்காதவன் | டிசம்பர் 12
மனசுக்குள் 7–7 என்றுதான் வைத்திருந்தேன் ஐயா. அதனால்தான் எழுதவில்லை.