கண்ணில் வளர்ந்த சதையை எடுத்த பின் தந்த ஊதா நிறச் சொட்டு மருந்து: மீதியைத் தொடரலாமா?

கேள்வி | உப்பளத்துப் பிள்ளை, தூத்துக்குடி

அனைவருக்கும் வணக்கம். என் தந்தையார் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக உப்பளத்தில் வேலை செய்தவர். அவருடைய வலக் கண்ணில் மூக்கோரத்திலிருந்து கருவிழியை நோக்கி வளர்ந்த சதையை இரண்டு ஆண்டுகளுக்கு முன் அறுவை செய்து எடுத்தோம். சீட்டில் டெரிஜியம் என்று எழுதியிருந்தார்கள். ஓராண்டு முடிவதற்குள் அது முன்னைவிடத் தடிப்பாக மீண்டும் வளர்ந்துவிட்டதால், சென்ற வாரம் இரண்டாம் முறை அறுவை நடந்தது. இம்முறை வழக்கமான ஸ்டீராய்டு சொட்டு மருந்தோடு, மருத்துவமனை மருந்தகத்திலேயே கலந்து தயாரித்த சிறு குப்பி ஒன்றையும் கொடுத்தார்கள். உள்ளே இருக்கும் நீர் இளம் ஊதா நிறம். ஒட்டிய தாளில் ‘மைட்டோமைசின் 0.02 சதவீதம், காலை மாலை ஒரு சொட்டு, 5 நாள் மட்டும், குளிர்சாதனப் பெட்டியில் வைக்கவும்’ என்று கையால் எழுதியிருக்கிறது.

இன்றோடு ஐந்து நாள் முடிகிறது. குப்பியில் பாதி மருந்து மீதம் இருக்கிறது. கண் இன்னும் சிவந்தே இருப்பதால், முழுவதையும் போட்டு முடித்துவிடலாம் என்கிறார் அப்பா. வெளிக் கடைகளில் கேட்டால் இப்படி ஒரு சொட்டு மருந்தே கிடையாது என்கிறார்கள். இணையத்தில் தேடிய தம்பியோ இது புற்றுநோய் மருந்து என்று சொல்லிவிட்டதால், அம்மா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் நான்கு மணி நேரம் மின்சாரமும் இல்லை. இந்த மருந்தை நம்பலாமா, தொடரலாமா என்று அறிந்தவர்கள் தெளிவுபடுத்த வேண்டுகிறேன்.

பதில் 1 | ஓய்வுபெற்ற மருந்தாளுநர், மதுரை

தம்பி, முதலில் அம்மாவைச் சாப்பிடச் சொல்லுங்கள். அது புற்றுநோய்க்கான மருந்து என்பது உண்மை. ஆனால் அப்பாவுக்குப் புற்றுநோய் என்று அதற்குப் பொருள் இல்லை. 1950களில் ஜப்பானில் மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட இம்மருந்து, உயிரணுவின் டி.என்.ஏ. இழைகளை ஒன்றோடொன்று பிணைத்து, அந்த உயிரணு பெருகாதபடி தடுக்கிறது. வயிற்றுப் புற்றுக்கு எதிராக எந்தக் குணம் பயன்பட்டதோ, அதே குணம் அறுவைப் புண்ணில் வடுத் திசு அளவுக்கு மீறிப் பெருகுவதையும் தடுக்கும் என்பதால், 1963லேயே ஜப்பானிய மருத்துவர்கள் இதை டெரிஜியத்துக்குப் பயன்படுத்தினார்கள்.

வெளிக் கடைகளில் கிடைக்காததற்கும் காரணம் உண்டு. மைட்டோமைசின் ஊசி மருந்துக்கான தூளாகத்தான் வருகிறது. 2 மில்லிகிராம் தூளை 10 மில்லிலிட்டர் நீரில் கரைத்தால் 0.02 சதவீதம் ஆகும். கணக்கு எளிது, ஆனால் புள்ளி ஓர் இடம் தவறினால் மருந்து பத்து மடங்காகிவிடும். ஆகவே நுண்கிருமி புகாத காற்றோட்டப் பெட்டிக்குள், கையுறை அணிந்து, ஒருவர் கலக்க இன்னொருவர் சரிபார்த்துத் தயாரிக்க வேண்டிய மருந்து இது. கரைத்த பின் நீண்ட நாள் வீரியத்தோடு இருக்காது என்பதால்தான் குளிரில் வைக்கச் சொல்கிறார்கள். கையால் எழுதியிருப்பது குறையல்ல. ஆனால் அதில் தயாரித்த நாளும் கெடு நாளும் இருக்க வேண்டும், இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். மின்வெட்டைப் பற்றியும் கலந்து தந்த மருந்தகத்தையே கேளுங்கள்.

மீதியைக் கழிவுநீர்த் தொட்டியில் ஊற்ற வேண்டாம். 2016ஆம் ஆண்டின் உயிரிமருத்துவக் கழிவு விதிகளின்படி இவ்வகை மருந்து மஞ்சள் நிறக் கலனில் சேர்க்கப்பட்டு, உயர் வெப்பத்தில் எரிக்கப்பட வேண்டியது. மூடியை இறுக்கி, மருத்துவமனையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வீட்டில் கருவுற்ற பெண்ணோ பாலூட்டும் தாயோ இருந்தால் அவர்கள் குப்பியைத் தொடவே வேண்டாம்.

பதில் 2 | கண் மருத்துவர்

மருந்தாளுநர் ஐயா சொன்னது அனைத்தும் சரி. ‘தொடரலாமா’ என்ற கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்கிறேன்: கூடாது. மற்ற சொட்டு மருந்துகளில் ஒரு நாள் கூடினால் பெரிதாக ஒன்றும் ஆகாது; இதில் நாள் கணக்கும் மருந்தின் அளவில் சேர்ந்ததே. வடுத் திசுவைத் தடுக்கும் இம்மருந்து, புண் ஆறுவதற்குத் தேவையான நல்ல திசுவையும் சேர்த்தே தடுக்கிறது. 1980களின் இறுதியில் அமெரிக்காவில் 0.04, 0.1 சதவீதச் செறிவுகளில் நாளுக்கு நான்கு முறை, இரண்டு வாரம் வரை போட்டுப் பார்த்தார்கள். சதை மீண்டும் வளர்வது வெகுவாகக் குறைந்தது. ஆனால் 1992இல் வெளியான ஓர் அறிக்கை, இச்சொட்டு மருந்தைப் பயன்படுத்திய 10 பேருக்குக் கடும் வலி, கண் அழுத்த உயர்வு, திடீர்க் கண்புரை, ஒருவருக்குக் கருவிழியில் துளை எனப் பல சிக்கல்களைப் பட்டியலிட்டது. வெள்விழி மெலிந்து போவது சிலருக்குப் பல ஆண்டுகள் கழித்தும் தெரியவரும். இத்தகைய சிக்கல்களைத் தவிர்க்கத்தான் செறிவையும் நாளையும் இவ்வளவு குறைவாக வைக்கிறோம்.

இன்று எங்களில் பலர் இதை வீட்டுக்கே கொடுத்தனுப்புவதில்லை. அறுவையின்போதே பஞ்சில் நனைத்துச் சில நிமிடங்கள் வைத்துக் கழுவிவிடுகிறோம். அல்லது அதே கண்ணின் மேற்பகுதியிலிருந்து மெல்லிய படலத்தை எடுத்து ஒட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறோம். தங்கள் மருத்துவர் சொட்டு மருந்தைத் தேர்ந்தெடுத்ததற்கு இரண்டாம் முறை வளர்ந்த சதை என்பது காரணமாக இருக்கலாம். தயங்காமல் அவரிடமே கேளுங்கள். அப்பாவுக்குக் கண் வறட்சியோ மூட்டு வாத நோயோ இருந்தால் அதையும் கட்டாயம் சொல்லுங்கள்.

சிவப்பு பல வாரம் இருப்பது இயல்புதான், அதைக் குறைப்பது ஸ்டீராய்டின் வேலை. வலி கூடினாலோ, பார்வை மங்கினாலோ, வெள்விழியில் சாம்பல் அல்லது கருநீல நிறத் திட்டு தெரிந்தாலோ அன்றே காட்ட வேண்டும்.

பதில் 3 | வாசகி, கோவை

என் மாமியாருக்கும் இதே மருந்தைக் கொடுத்தார்கள். இரண்டு குப்பிகளும் ஒரே அளவு, ஒரே வெள்ளை மூடி. ஸ்டீராய்டு என்று நினைத்து ஒரு நாள் முழுக்க நான்கு முறை இதையே போட்டுவிட்டோம். இரண்டு இரவு கண் எரிச்சலில் அவர் தூங்கவில்லை. நிலையான பாதிப்பு ஏதுமில்லை என்று மருத்துவர் பார்த்துச் சொன்ன பிறகே எங்களுக்கு உயிர் வந்தது. அதன் பிறகு அந்தக் குப்பியின் கழுத்தில் கறுப்பு நூல் கட்டி, தனி டப்பாவில் வைத்தோம். சொட்டு விட்டதும் மூக்கோரக் கண் மூலையை ஐந்து நிமிடம் விரலால் அழுத்திப் பிடிக்கச் சொன்னார்கள். மருந்து மூக்குக்குள் இறங்காமல் இருக்கவாம். உங்களுக்கு அதைச் சொன்னார்களா?

கேள்வி கேட்டவர் மீண்டும்

மூவருக்கும் நன்றி. மூலையை அழுத்தும் முறையை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. மருத்துவமனைக்குத் தொலைபேசியில் பேசினேன். நாளைக் காலை மறுபரிசோதனைக்கு வரும்போது குப்பியையும் கொண்டுவரச் சொன்னார்கள். தாளில் தயாரித்த நாள் இருக்கிறது, கெடு நாள் இல்லை, அதையும் கேட்கிறேன். அப்பா குப்பியை இன்னொரு முறை எடுத்துவிடாதபடி, அம்மா அதைக் குளிர்சாதனப் பெட்டியின் அடித்தட்டில், மூடிய டப்பா ஒன்றுக்குள் வைத்திருக்கிறார்.