வின் 0%, ஈக்விட்டி 39.77%: இது எப்படி?

டர்ன்தம்பி:
ஹோல்டம் போக்கர் (ஆளுக்கு ரெண்டு சீட்டு, நடுவுல பொதுவா அஞ்சு). டர்ன் (நாலாவது பொதுச் சீட்டு) வரை போர்டு: டைமண்ட் ஏஸ், ஸ்பேடு 9, ஸ்பேடு 4, ஹார்ட் 7. நம்ம கை கிளாவர் ஏஸ், டைமண்ட் கிங். எதிராளிக்கு ஸ்பேடு ஏஸ், ஸ்பேடு கிங். கால்குலேட்டர்ல போட்டா நமக்கு வின் 0, ஈக்விட்டி 39.77-னு காட்டுது. எந்தச் சீட்டு விழுந்தாலும் ஜெயிக்காத கைக்கு இவ்வளவு பங்கா? பாட் (நடுவுல சேர்ந்த பணம்) 1000, அவர் 1000-க்கு ஆல்-இன் (கையிலிருக்குற எல்லாத்தையும்) போனா கால் (அதே தொகையை நாமும் போடுறது) பண்ணலாமா?

சீட்டுக்கணக்கு:
கால்குலேட்டர் சரிதான். தெரிஞ்ச சீட்டு 8, மிச்சம் 44. அதுல 9 சீட்டு ஸ்பேடு. ரிவர்ல (கடைசிப் பொதுச் சீட்டு) அதுல ஒண்ணு விழுந்தா அவருக்கு ஃப்ளஷ் (ஒரே இனத்துல அஞ்சு சீட்டு), முழுப் பாட்டும் அவருக்கு. மத்த 35-ல எது வந்தாலும் ரெண்டு பேர் கையும் ஒண்ணு, பாட் பாதிப் பாதி. 35-ல பாதி 17.5, அதை 44-ஆல வகுத்தா 39.77%. தனியா எத்தனை தடவை அள்ளுவோம்ங்கிறதுதான் வின். சராசரியா பாட்டுல எவ்வளவு நம்ம பக்கம் வரும்ங்கிறது ஈக்விட்டி.

தாராளமா கால். 1000 போட்டா பாட் 3000, தேவை 1000/3000, அதாவது 33.33%தான். 3000-ல நம்ம பங்கு 1193. ஃபோல்டை (கையைக் கைவிடறதை) விட 193 கூட.

நிதானி:
கணக்கு சரி, ஆனா பெட் (அவர் போடும் தொகை) பெருசானா கதை மாறும். இதே 1000 பாட்டுக்கு 1944 வரை கால் தாங்கும். 3000 தள்ளினால் மொத்தம் 7000, தேவை 42.86%, ஃபோல்ட்தான்.

இன்னொன்று, இதெல்லாம் அவர் சீட்டைத் திறந்து வைத்துப் போட்ட கணக்கு. அவரிடம் ஸ்பேடு குயினும் ஜாக்கும் இருந்தால்? அப்போதும் அவரைக் காப்பாற்றுவது மிச்சமுள்ள ஒன்பது ஸ்பேடு சீட்டுகள்தான், மற்றவை அதே 35. ஆனால் இந்த 35-லும் பாட் பாதியாகாது, நமக்கு முழு வெற்றி, ஈக்விட்டி 79.55%. அவர் கையில் இரண்டு 9 வைத்திருந்தால் நமக்குச் சுத்தமாக 0. அவர் எதை எல்லாம் வைத்து ஆல்-இன் போவார் என்று பட்டியல் போட்டு, ஒவ்வொன்றும் எத்தனை விதமாக வரும் என்று எண்ணி சராசரி எடுத்தால்தான் மேசைக்கு உதவும்.

பாதிப்பங்கு:
கால்குலேட்டர்ல 'டை' (சமன்) கட்டத்தையும் பாருங்க. முதல் கைக்கு டை ஆகுற வாய்ப்பை (35/44) சில கால்குலேட்டர் 79.55-னு முழுசாக் காட்டும், சிலது பிரிச்சு 39.77-னு காட்டும். வின்னும் டையும் கூட்டினா ஈக்விட்டி வந்துட்டா ஏற்கெனவே பிரிச்சாச்சு. மறுபடி பாதியாக்கி, கால் பண்ண வேண்டிய கையை ஃபோல்ட் பண்றவங்க நிறைய. மூணு பேர் டைன்னா மூணில் ஒண்ணு.

பாட்டை உயர்ந்த கைக்கும் (ஹை) தாழ்ந்த கைக்கும் (லோ) பாதியாப் பிரிக்கிற ஒமாஹா ஹை-லோவில் இது தலைகீழ். ரெண்டே பேர், லோ உங்களுக்கு நிச்சயம், ஆனா அவருக்கும் அதே லோ, ஹையும் அவருதுன்னா நீங்க தொடுறது நாலில் ஒரு பங்குதான். அப்புறம் போடுற ஒவ்வொரு 100-க்கும் (அவரும் 100 போட்டா) திரும்பி வர்றது 50.