எண்டியூரன்ஸ் ரைடிங்: முதல் சீசனுக்கு எவ்வளவு எடுத்து வைக்க வேண்டும்?

அரபிக்குதிரைக்காரி:
வணக்கம். கலிபோர்னியாவில் சான் ஹோசே பக்கம் ஒரு பண்ணையில் என் குதிரை நிற்கிறது, அரேபியன், ஒன்பது வயது. அதன் மாத வாடகை, தீனி எல்லாம் ஏற்கெனவே கட்டிக்கொண்டுதான் இருக்கிறேன், அதைக் கேட்கவில்லை. வரும் வசந்தத்திலிருந்து எண்டியூரன்ஸ் ரைடுகளுக்கு, அதாவது நெடுந்தூரக் குதிரைச் சவாரிப் போட்டிகளுக்கு, போக ஆசை. முதலில் 25 மைல், குதிரை ஒத்துழைத்தால் வருடக் கடைசியில் ஒரு 50. என்ட்ரி ஃபீஸைப் பார்த்தால் பயமாக இல்லை, ஆனால் வீட்டுக்காரர் "இதோட நிக்காது" என்கிறார். குதிரையை ஏற்றிப் போகும் ட்ரெய்லரும் இல்லை, அதை இழுக்கிற வண்டியும் இல்லை. நிஜத்தில் பணம் எங்கே போகும்?

ஆபர்ன்வாசி:
வீட்டுக்காரர் சொன்னது சரி :) 50 மைல் ரைடுக்கு என்ட்ரி 150 டாலர் அக்கம்பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த ரைடுகளுக்கான அமெரிக்கச் சங்கமான ஏ.இ.ஆர்.சி.யில் உறுப்பினராக இல்லாவிட்டால் ஒவ்வொரு ரைடுக்கும் கூடுதலாக ஒரு தொகை கேட்பார்கள், வருடத்தில் எத்தனை ரைடு போவீர்கள் என்று பார்த்துவிட்டுச் சேருங்கள்.

பணம் கரைவது சாலையில். ரைடு நடக்கும் எங்கள் ஆபர்ன் உங்கள் ஊரிலிருந்து சுமார் 150 மைல். குதிரையோடு ட்ரெய்லரை இழுக்கும் பிக்கப் காலனுக்குப் பத்து மைல் கொடுத்தாலே பெரிய விஷயம், ஆக போகவர 30 காலன், காலன் 5 டாலர் என்றால் அதுவே இன்னொரு என்ட்ரி ஃபீஸ். முதல் வருடம் ட்ரெய்லர் வாங்கவே வாங்காதீர்கள். இரண்டு குதிரை ஏற்றும் ட்ரெய்லரில் ஒன்றை மட்டும் ஏற்றி வருகிறவர்கள் நிறைய, பெட்ரோலில் பாதியும் மேலே கொஞ்சமும் கொடுத்தால் பெரும்பாலும் சந்தோஷமாக ஒத்துக்கொள்வார்கள். பழையது மலிவாக வருகிறதே என்று மயங்கவும் வேண்டாம். தரைப்பலகை உளுத்திருக்கும், ஓடாமலே வயதான டயர் நெடுஞ்சாலையில் வெடிக்கும், அப்புறம் பேரிங், பிரேக் என்று ஒவ்வொன்றாகக் கிளம்பும்.

கொள்ளும்புல்லும்:
எல்லோரும் மறக்கிற செலவு ஒன்று உண்டு. ரைடில் வெட் செக் (குதிரையின் உடல்நிலைப் பரிசோதனை) செய்யும் கால்நடை மருத்துவர்களுக்கான பணம் என்ட்ரி ஃபீஸிலேயே அடங்கிவிடும், ஆனால் குதிரைக்கு நீர் வற்றி, குடல் சத்தம் அடங்கிப்போய், டிரிப்ஸ் ஏற்றவேண்டி வந்தால் அந்த பில் தனி. கோலிக் என்கிற கடும் வயிற்றுவலிக்கு அறுவை சிகிச்சை வரை போனால் பத்தாயிரம் டாலரெல்லாம் சாதாரணம். இன்ஷூரன்ஸ் இருந்தால் போட்டியில் நடப்பதற்கும் செல்லுமா என்று படித்துப் பாருங்கள். தனிக் கணக்கில் இரண்டாயிரமாவது கிடக்காமல் ரைடுக்குப் போகக்கூடாது என்பது என் பிடிவாதம், இதில் ஆபர்ன்வாசி என்னோடு சண்டைக்கு வரலாம்.

செலவே இல்லாத பாதுகாப்பு, மெதுவாகப் போவது. முடிக்க 25 மைலுக்கு ஆறு மணி நேரம் வரை தருவார்கள், 50க்கு 12, கட்டாய நிறுத்தங்களும் அதில் அடக்கம். 25 மைலில் முடிவுக்கோட்டைத் தொட்டதும் கடிகாரம் நிற்காது, குதிரையின் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 60க்கு இறங்கினால்தான் முடித்ததாகக் கணக்கு, அதனால் கடைசி மைலில் விரட்டி ஒரு லாபமும் இல்லை. பக்கத்து மாநிலமான நெவாடா பக்கம் போவதென்றால் கோகின்ஸ் என்கிற, குதிரைத் தொற்று ரத்தச்சோகைக்கான ரத்தச் சோதனைக்கும் சுகாதாரச் சான்றிதழுக்கும் தனியாக எடுத்து வையுங்கள்.

லாடக்கட்டி:
கால் செலவை யாருமே சொல்லவில்லையே. ரைடுகளின் கல்லுப் பாதையில் ஓட்டினால் ஐந்தாறு வாரத்துக்கு ஒருமுறை லாடம் மாற்றவேண்டி வரும், எட்டு வாரம் இழுக்க முடியாது. லாடத்துக்குப் பதில் மாட்டும் குளம்பு பூட்ஸ் மலிவு என்று சொல்வார்கள், நம்பாதீர்கள். நாலு காலுக்கும் வாங்கி, சேற்றில் ஒன்று போய்விட்டால் மாட்ட உபரியாக ஒன்றும் வாங்கினால் பல மாத லாடக்கூலி ஒரே நாளில் காலி. (ஆனாலும் நான் பூட்ஸ் கட்சிதான்.)

புதுச் சேணம் இப்போது வேண்டாம். பயிற்சி ஏற ஏற முதுகுத் தசை மாறும், இன்றைக்குப் பொருந்துவது ஆறு மாதத்தில் கடிக்கும். நல்ல பழைய சேணமாக வாங்கினால் கிட்டத்தட்ட அதே விலைக்கு விற்றுவிடலாம். குதிரையின் நாடித்துடிப்பைக் காட்டும் ஹார்ட் மானிட்டரும் அவசியமில்லை, இருபது முப்பது டாலர் ஸ்டெதஸ்கோப் போதும்.

அரபிக்குதிரைக்காரி:
ட்ரெய்லர் ஆசையை இன்றோடு விட்டேன். ஆனால் ஏற்றிப் போகிற ஆளை எங்கே பிடிப்பது? எனக்கு அங்கே யாரையும் தெரியாது.

ஆபர்ன்வாசி:
குதிரை இல்லாமல் ஒரு ரைடுக்கு வாலண்டியராக வாருங்கள். நாடி பார்க்க எப்போதும் ஆள் பற்றாக்குறை, ஒரே நாளில் பாதிப் பேர் பழக்கமாகிவிடுவார்கள், சில இடங்களில் அடுத்த ரைடுக்கு என்ட்ரியிலும் தள்ளுபடி தருவார்கள். உங்கள் பக்கத்திலிருந்து யார் வருகிறார்கள் என்று அங்கேயே கேட்டுவிடுங்கள்.