சோயா 38 நாள் பயிர், வயல் முழுக்க வெளிறி நிற்கிறது. வேரில் முடிச்சு இல்லை. யூரியா போடலாமா?

செம்மண்காடு (கேள்வி):
வணக்கம். 3 ஏக்கர் சோயா, இந்த நிலத்துக்கு முதல் தடவை. முன்பு மக்காச்சோளமும் நிலக்கடலையும் மாறி மாறி வந்த நிலம். இடைவெளி 30 × 10 செ.மீ. அடியுரம் ஏக்கருக்கு டி.ஏ.பி. 50 கிலோ. மண்ணின் கார அமில நிலை 6.4. விதையை திராம் என்ற பூஞ்சாண மருந்தோடும் ரைசோபியத்தோடும் (வேரில் முடிச்சு போடும் பாக்டீரியா) ஒன்றாகக் கலந்து வைத்தேன். மழை வந்ததால் இரண்டு நாள் மூட்டையிலேயே இருந்துவிட்டு அப்புறம்தான் விதைப்பு. முளைப்பு நன்றாகத்தான் இருந்தது. இப்போது பூ எட்டிப் பார்க்கிறது, ஆனால் செடி வெளிர் பச்சையாக, முழங்கால் உயரம்கூட இல்லாமல் நிற்கிறது. இரும்புச்சத்துக் குறை என்று சொல்லி ஃபெரஸ் சல்பேட் தெளிக்கச் சொல்கிறார்கள். வேறு சிலர் யூரியா என்கிறார்கள். எதைச் செய்வது?

வேர்முடிச்சு:
எதையும் வாங்குவதற்கு முன் மண்வெட்டியை எடுங்கள். செடியைக் கையால் பிடுங்கினால் முடிச்செல்லாம் மண்ணிலேயே அறுந்து நின்றுவிடும். பிறகு "முடிச்சே இல்லை" என்று தப்பாக முடிவு செய்வோம். தண்டைச் சுற்றி 15 செ.மீ. தள்ளி, 15 செ.மீ. ஆழத்துக்கு மண்ணோடு பெயர்த்து, வாளித் தண்ணீரில் பத்து நிமிடம் ஊற வைத்து மெல்ல அலசுங்கள். வயலில் 5 இடம், இடத்துக்கு 2 செடி. முடிச்சை நகத்தால் கிள்ளி உள்ளே பாருங்கள். இளஞ்சிவப்பு அல்லது ரத்தச் சிவப்பு என்றால் வேலை செய்கிறது. வெள்ளை என்றால் இன்னும் பிஞ்சு, அல்லது காற்றின் தழைச்சத்தை (நைட்ரஜன்) பிடிக்கத் தெரியாத பாக்டீரியா இனம். பச்சை, பழுப்பு என்றால் ஓய்ந்துபோனது.

இன்னொன்றும் சொல்லுங்கள்: முதலில் வெளிறியது அடி இலையா, கொழுந்தா? வயலில் எங்காவது கரும்பச்சையாக ஒரு திட்டு இருக்கிறதா?

கரிசல்:
இரும்புக் குறையா என்பது இலையைப் பார்த்தாலே தெரியும். கொழுந்து இலைதான் முதலில் மஞ்சளாகும், நரம்பு மட்டும் பச்சையாகக் கோடு போட்டது போல நிற்கும். சுண்ணாம்பு மண்ணிலும், கார அமில நிலை 7.5-க்கு மேல் உள்ள மண்ணிலும், தண்ணீர் தேங்கிய பள்ளத்திலும்தான் பெரும்பாலும் வரும். 6.4 மண்ணில் வயல் முழுக்க வருவது அபூர்வம். சந்தேகம் தீரவில்லை என்றால் ஒரு லிட்டர் தண்ணீரில் ஃபெரஸ் சல்பேட் 5 கிராம், சிட்ரிக் அமிலம் 1 கிராம் கரைத்து ஐந்தாறு செடிக்கு மட்டும் தெளியுங்கள். இரும்புதான் குறை என்றால் ஒரு வாரத்துக்குள் துளி பட்ட இடமெல்லாம் புள்ளி புள்ளியாகப் பச்சை பிடிக்கும். பிடிக்காவிட்டால் 3 ஏக்கருக்கும் தெளித்துப் பயன் இல்லை.

பளிச்சென்ற மஞ்சளும் பச்சையும் திட்டுத் திட்டாகக் கலந்திருந்தால் அது மஞ்சள் தேமல், வெள்ளை ஈ பரப்பும் நச்சுயிரி. அதற்கு எந்த உரமும் மருந்தாகாது. அடி இலையின் ஓரம் மட்டும் மஞ்சளாகிக் கருகினால் சாம்பல்சத்து (பொட்டாசியம்) பக்கம் பாருங்கள்.

செம்மண்காடு:
சொன்னபடி தோண்டிப் பார்த்தேன். 10 செடியில் 7-ல் ஒரு முடிச்சும் இல்லை. 3 செடியில் ஒன்றிரண்டு, கடுகளவு, உள்ளே வெள்ளை. அடி இலைதான் முதலில் வெளிறியது, நரம்பும் சேர்ந்தே வெளிறியிருக்கிறது. திட்டு மஞ்சள் இல்லை. போன வருடம் எருக்குவியல் கிடந்த இடத்தில் மட்டும் செடி கரும்பச்சை, இடுப்புயரம்.

வேர்முடிச்சு:
அந்த எருக்குவியல் இடமே விடை சொல்லிவிட்டது. இது தழைச்சத்துப் பசி. ரைசோபியம் பிடிக்கவில்லை.

இரண்டு காரணம் சேர்ந்திருக்கிறது. சோயாவுக்கு முடிச்சு போடுவது பிராடிரைசோபியம் ஜப்பானிக்கம் என்ற இனம். நிலக்கடலைக்கும் தட்டைப்பயறுக்கும் உதவும் இனம் வேறு. அதனால் கடலை விளைந்த நிலம் என்பதால் சோயாவுக்கு ஏற்ற பாக்டீரியா மண்ணில் இருக்கும் என்று சொல்ல முடியாது. முதல் தடவை சோயா போடும் நிலத்தில் விதையோடு நாம் தருவதுதான் ஒரே வழி. அதையும் திராமோடு குழைத்து இரண்டு நாள் மூட்டைச் சூட்டில் வைத்ததில் பெரும்பங்கு செத்திருக்கும். பூஞ்சாணத்துக்கான மருந்து பாக்டீரியாவையும் பதம் பார்க்கும்.

சோயா விதையில் புரதம் ஏறக்குறைய 40 சதவீதம். ஒரு டன் விதைக்குள் மட்டும் 55 முதல் 60 கிலோ தழைச்சத்து போய் உட்காருகிறது, இலைக்கும் தண்டுக்கும் வேண்டியது தனி. நீங்கள் போட்ட டி.ஏ.பி.யில் இருந்த தழைச்சத்து ஏக்கருக்கு 9 கிலோ. மீதியை முடிச்சுதான் காற்றிலிருந்து எடுத்துத் தந்திருக்க வேண்டும். முடிச்சு வேலை செய்யும் வயலில் பூக்கும் நேரத்தில் செடிக்கு 8, 10 சிவந்த முடிச்சாவது இருக்கும்.

ஆக, யூரியா போடத்தான் வேண்டும்.

பசுந்தாள்:
பயறு வகைக்கு மேலுரமாக யூரியா கூடாது என்றுதான் எங்கும் சொல்கிறார்கள். முடிச்சு சுருங்கிவிடும், செடி தழைத்துச் சாய்ந்து பூச்சி கூடும். இப்போது ரைசோபியத்தை வேரில் ஊற்றினால் போதாதா?

வேர்முடிச்சு:
முடிச்சு வேலை செய்யும் வயலுக்கு நீங்கள் சொல்வது சரி. மண்ணில் நைட்ரேட் (வேர் எடுக்கும் தழைச்சத்து வடிவம்) தாராளமாக இருந்தால் செடி முடிச்சுக்குத் தீனி போடுவதை நிறுத்திவிடும். அந்த வயலில் யூரியா போடுவது காசைக் கொட்டி, இருப்பதையும் கெடுத்துக்கொள்வது. இங்கே சுருங்குவதற்கு முடிச்சே இல்லை.

ரைசோபியம் ஊற்றுவது முளைத்து மூன்று வாரத்துக்குள் என்றால், ஈர மண்ணில், திரவ வடிவில், தண்டடியில் முயன்று பார்க்கலாம். அப்போதும் விதையோடு தந்த அளவுக்குப் பிடிக்காது. பாக்டீரியா இளம் வேர்த்தூவி வழியாகத்தான் உள்ளே நுழையும். நுழைந்த பிறகும் முடிச்சு உருவாகித் தழைச்சத்து தர இரண்டு வாரத்துக்கு மேல் ஆகும். 38 நாளில், பூ வந்த பிறகு, அதை நம்பிக் காத்திருந்தால் காய் பிடிக்கும் நேரம் பசியோடு கடந்துவிடும்.

அளவு: ஏக்கருக்கு 600 கிலோ விளைச்சலை மனதில் வைத்தால் 40 கிலோ தழைச்சத்து, அதாவது சுமார் 88 கிலோ யூரியா. இரண்டாகப் பிரித்து இப்போது 44, பிஞ்சு பிடிக்கும்போது (இன்னும் 15 நாள் போல) 44. வரிசையிலிருந்து 5 முதல் 7 செ.மீ. தள்ளிக் கோடு இழுத்து, போட்டு, மண்ணால் மூட வேண்டும். மூடாமல் ஈர மண் மேல் தூவி வெயிலில் விட்டால் அம்மோனியாவாகப் பறந்துவிடும். பனி காயாத இலை மேல் விழுந்தால் கருகும். மூட ஆள் இல்லையென்றால் தூவியதும் தண்ணீர் கட்டுங்கள்.

2 சதவீத யூரியாக் கரைசலைத் தெளித்துச் சமாளிக்கலாம் என்றும் யாராவது சொல்வார்கள். ஏக்கருக்கு 200 லிட்டர் தெளித்தால் அதில் யூரியா 4 கிலோ, தழைச்சத்து 2 கிலோகூட இல்லை. தேவை 40. இரண்டு நாள் பச்சையாகத் தெரியும், அவ்வளவுதான்.

ஐந்து வரிசை, 10 மீட்டர் நீளத்துக்கு யூரியா போடாமல் குச்சி நட்டு விடுங்கள். அந்தத் துண்டு இல்லாவிட்டால் பலன் வந்ததா இல்லையா என்பது கடைசிவரை தெரியாது.

கரிசல்:
அடுத்த போகத்துக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். பொட்டலத்தில் "சோயாவுக்கானது" என்று இருக்க வேண்டும், காலாவதித் தேதி பாருங்கள், வெயிலில் வைத்து விற்கும் இடத்தில் வாங்காதீர்கள். பூஞ்சாண மருந்து போடுவதென்றால் முதலில் அது. ஒரு நாள் கழித்து, விதைக்கும் அன்று காலை, 10 கிலோ விதைக்கு 200 கிராம் ரைசோபியம் வீதம் ஆறிய கஞ்சியில் குழைத்துப் புரட்டி, நிழலில் அரைமணி உலர்த்தி அன்றே விதையுங்கள். சோயா விதையின் தோல் மெல்லியது, அழுத்திப் பிசையாதீர்கள், உள்ளே முளை உடையும்.

மருந்து ஏற்றிய விதையாகவே வாங்கினால் விதையோடு மல்லுக்கட்ட வேண்டாம். ஏக்கருக்கு 800 கிராம் ரைசோபியத்தை 10 கிலோ மட்கிய தொழுவுரம், 10 கிலோ மணலோடு கலந்து விதைக்கும் சாலிலேயே போடுங்கள். முதல் தடவை போடும் நிலத்துக்கு விதையிலும் சாலிலும் இரண்டிலும் தருவது நல்லது. ஒரு தடவை நன்றாகப் பிடித்துவிட்டால் அந்த இனம் சில வருடம் மண்ணில் தங்கும். சூப்பர் பாஸ்பேட்டோடு மட்டும் சேர்த்துக் கலக்காதீர்கள், அதன் புளிப்பு பாக்டீரியாவைக் கொல்லும்.

களத்துமேடு:
இந்த இழையிலேயே கேட்டுவிடுகிறேன். சோயா அறுவடை முடிந்தது. ஈரம் 16 என்று எடையில் கழிக்கிறார்கள், உடைசல் 9 சதவீதம் என்று விலையிலும் குறைக்கிறார்கள். காயவைத்து விற்பதா, அப்படியே விற்பதா?

எடைக்கல்:
கணக்கு போட்டால் தெரிந்துவிடும். காய்ந்த பின் எடை = இப்போதைய எடை × (100 − இப்போதைய ஈரம்) ÷ (100 − வேண்டிய ஈரம்). 1000 கிலோ, ஈரம் 16. அதை 12-க்குக் கொண்டுவந்தால் 1000 × 84 ÷ 88 = 954.5 கிலோ. அதாவது நீங்களே காயவைத்தாலும் 45 கிலோ போகத்தான் போகும்.

இப்போது வாங்குபவரின் கழிவைப் பாருங்கள். 12-க்கு மேல் ஒரு புள்ளி ஈரத்துக்கு 100 கிலோவில் ஒரு கிலோ வீதம் கழித்தால் 960 கிலோவுக்குக் காசு. அப்படியே கொடுத்துவிடலாம், காயவைக்கும் கூலியும் மிச்சம். ஒரு புள்ளிக்கு ஒன்றரை வீதம் கழித்தால் 940. 14 கிலோ உங்கள் கையை விட்டுப் போகிறது, அதைக் காயவைக்கும் கூலியோடு ஒப்பிடுங்கள். எடையிலும் கழித்து, அதே ஈரத்துக்கு விலையிலும் குறைத்தால் ஒரே குறைக்கு இரண்டு தண்டனை. அங்கே வண்டியை இறக்காதீர்கள்.

அதற்காக மொறுமொறுவென்று காயவைப்பதும் நட்டம். ஈரம் 12 வரை முழு விலை தரும் இடத்துக்கு 9-ல் கொண்டுபோனால், டன்னுக்கு 33 கிலோ தண்ணீரை நீங்களே ஆவியாக்கிவிட்டு வருகிறீர்கள். அதற்கு மேல் உடைசலும் கூடும்.

உங்கள் 9 சதவீத உடைசல் பெரும்பாலும் இயந்திரத்தில் வந்தது. 16 ஈரத்தில் விதை வறண்டு உடைந்திருக்காது, உருளை வேகம் கூடுதலாக இருந்திருக்கும். சோயாவுக்கு நிமிடத்துக்கு 350 முதல் 400 சுற்று போதும், ஈரம் 13 முதல் 15 இருக்கையில் அடிக்க வேண்டும். முதலில் வேகத்தைக் குறையுங்கள், பிறகும் உடைந்தால் உருளைக்கும் சல்லடைக்கும் உள்ள இடைவெளியைக் கூட்டுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது தீர்த்தது என்று தெரியாது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் வாயிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து 100 விதை எண்ணிப் பாருங்கள். அடிக்காத காய் கூடினால் வேகத்தைக் கொஞ்சம் ஏற்றலாம்.

உதிர்ந்ததையும் எண்ணுங்கள். 100 விதை 12 கிராம் எடை என்றால், ஒரு சதுர மீட்டரில் 40 விதை கிடந்தால் ஏக்கருக்கு 19 கிலோ. அறுக்கும் முன்பே கிடந்தது எவ்வளவு என்று தனியாக எண்ணிக் கழித்தால்தான் காத்திருந்ததில் போனது எவ்வளவு, அறுத்ததில் போனது எவ்வளவு என்று பிரியும். இலை உதிர்ந்து 95 சதவீதக் காய் பழுப்பானதும் அறுங்கள். அவசரப்பட்டால் பச்சை விதை கலக்கும். பச்சையம் எண்ணெயில் இறங்கிவிடும், ஆலைக்கு அதை வெளுக்கும் செலவு வரும், அது உங்கள் விலையில்தான் குறையும்.

களத்துமேடு:
அருமை. விலை ஏறும் என்று இருப்பு வைக்கலாமா? எண்ணெய் விலை ஏறிக்கொண்டிருக்கிறது.

எடைக்கல்:
எண்ணெயை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். 100 கிலோ சோயாவில் எண்ணெய் 18 கிலோ போல, பிண்ணாக்கு 80 கிலோ போல. கோழித் தீவனத்துக்குப் பிண்ணாக்கு போகிற போக்கில்தான் சோயா விலை பெரிதும் ஓடும். இரண்டின் விலையையும் இந்த விகிதத்தில் பெருக்கிக் கூட்டினால் ஆலைக்கு என்ன கிடைக்கிறது என்று தெரியும். சோயா விலைக்கும் அதற்கும் இடைவெளி அகலமாக இருந்தால் ஆலைகள் போட்டிபோட்டு வாங்கும், குறுகினால் கை சுருங்கும்.

இருப்புச் செலவையும் எழுதுங்கள். வட்டி மாதம் 1 சதவீதம், கிடங்கு வாடகையும் சேதாரமும் அரை சதவீதம் என்று வைத்தால், மூன்று மாதம் கழித்து விலை 4.5 சதவீதம் ஏறியிருந்தால்தான் இன்றைய விலைக்குச் சமம். கடன் அடைக்க வேண்டிய பங்கை இப்போதே விற்றுவிடுங்கள், மீதியை மட்டும் வையுங்கள். 12-க்கு மேல் ஈரத்தோடு வைத்தால் சூடேறிப் பூஞ்சை பிடிக்கும், எண்ணெயில் அமிலம் கூடும். விதைக்கென்று எடுத்ததை நான்கைந்து மூட்டைக்கு மேல் அடுக்க வேண்டாம், அடி மூட்டை நசுங்கி முளைப்பு போய்விடும்.

வண்டி ஏற்றும் முன்பே கேட்க வேண்டியவை: எந்த ஈரத்துக்கு முழு விலை, தூசு கல் எத்தனை சதவீதம் வரை ஏற்பு, அதற்கு மேல் கழிவு எடையிலா விலையிலா. ஈரமானியில் சோயா என்று தேர்ந்திருக்கிறார்களா என்று எட்டிப் பாருங்கள், வேறு தானியத்துக்கு வைத்திருந்தால் எண்ணே தப்பு. பல மூட்டையில் குத்தூசி போட்டு எடுத்த மாதிரியைக் கலந்து நாலாகப் பிரித்து, ஒரு பங்கை முத்திரையிட்டு நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

செம்மண்காடு:
யூரியா போட்டு 12 நாள். புது இலைகள் நல்ல பச்சை. குச்சி நட்ட துண்டு அப்படியே வெளிறி நிற்கிறது, தூரத்திலிருந்தே தெரிகிறது. அடி இலை இன்னும் மஞ்சள்தான். பிஞ்சு ஆரம்பித்துவிட்டது, ஆனால் நேற்று கனமழை, சாலில் தண்ணீர் நிற்கிறது. இரண்டாவது 44 கிலோவை இன்றே போடலாமா?

வேர்முடிச்சு:
இன்று வேண்டாம். நிற்கும் தண்ணீரில் போட்டால் வேர் மூச்சுவிட முடியாத நேரத்தில் எடுத்துக்கொள்ளாது, பெரும்பகுதி வீணாகும். முதலில் வடிகால் வெட்டுங்கள். மண்ணைக் கையில் பிடித்தால் விரலில் ஒட்டாமல் உதிரும் பதம் வந்ததும் போட்டு மூடுங்கள், மூன்று நான்கு நாள் தள்ளிப்போனால் பரவாயில்லை. அடி இலையைப் பார்த்துக் கவலைப்பட வேண்டாம், நன்றாக மஞ்சளானது உதிரத்தான் செய்யும். பூ கொட்டுவதைப் பார்த்தும் பயப்படாதீர்கள், நல்ல சோயாச் செடியே பாதிக்குப் பாதி பூவை உதிர்க்கும். காயில் விதை திரளும்போது மட்டும் ஈரம் குறைய விட்டுவிடாதீர்கள்.

செம்மண்காடு:
சரிங்க. வடிகால் வெட்டியாகிவிட்டது. குச்சித் துண்டையும் மற்ற இடத்தையும் அறுவடையில் தனித்தனியே எடைபோட்டு இங்கேயே எழுதுகிறேன்.