1991-க்குப் பிறகு மெட்டாலிக்கா: வளர்ச்சியா, விலைபோனதா?

ஒலிநாடா:
நேற்று ராத்திரி மெட்டாலிக்கா ராக் குழுவின் மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ் ஆல்பத்தை (1986) முழுக்க ஓடவிட்டேன். கையோடு லோட் (1996). நடுவில் பத்தே வருஷம். முதலாவதில் கிடார் வாசிக்கும் ஹெட்ஃபீல்டின் வலது கை தையல் மெஷின் ஊசி மாதிரி தந்தியில் இறங்கிக்கொண்டே இருக்கிறது. இரண்டாவதில் யாரோ சாவகாசமாக ப்ளூஸ் வாசிக்கிறார்கள். 1991-ல் பாப் ராக் தயாரிப்பாளராக உள்ளே வந்தார். அவர் தயாரித்த 'கருப்பு ஆல்பம்' அமெரிக்காவில் மட்டும் 1 கோடியே 60 லட்சத்துக்கு மேல் விற்றது. த்ராஷ் என்ற அவர்களுடைய அதிவேக மெட்டல் இசை அன்றோடு முடிந்தது. விலைபோனார்கள், அவ்வளவுதான்.

பேஸ்காரன்:
அண்ணே, 86-லேருந்து 96-க்கு ஒரே தாவா தாவிட்டீங்களே, நடுவுல 1988 இருக்கு. அந்த வருஷம் வந்த அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல், அதான் ஜஸ்டிஸ் ஆல்பத்துல பேஸ் கிடார் எங்க இருக்குன்னு காட்டுங்க பார்ப்போம். 1986 செப்டம்பர்ல ஸ்வீடன்ல பஸ் விபத்துல பேஸ் வாசிச்ச க்ளிஃப் பர்ட்டன் போயிட்டார். அவர் இடத்துக்கு வந்த ஜேசன் நியூஸ்டெட் வாசிச்சதை மிக்ஸ்ல அப்படியே அமுக்கிட்டாங்க. குறைக்கச் சொன்னது டிரம்மர் லார்ஸ்தான்னு மிக்ஸ் பண்ணவங்களே பின்னாடி பேட்டியில சொல்லியிருக்காங்க. நான் பேஸ் வாசிக்கிறவன். அந்த ஆல்பத்தைக் கேட்டுப் பழகலாம்னு உட்கார்ந்து, ஹெட்ஃபோனைக் காதோட அழுத்திப் பிடிச்சு, கடைசியில கிடாரைத்தான் காப்பியடிச்சேன். பாப் ராக் வந்தப்புறம்தான் ஒரு பேஸ் நோட்டு வயித்துல வந்து இடிச்சுது. இதுக்குப் பேர் விலைபோறதுன்னா, போகட்டும்ணே.

ஒலிநாடா:
பேஸ் கேட்டது சரி தம்பி. பாட்டு எங்கே போச்சு? ஜஸ்டிஸின் தலைப்புப் பாட்டு கிட்டத்தட்ட பத்து நிமிடம், தாளம் எத்தனை இடத்தில் உடைகிறது! கருப்பு ஆல்பத்தில் ஏழு நிமிடத்தைத் தொடும் பாட்டு ஒன்றுகூட இல்லை. வானொலிக்காரனுக்கு அளவெடுத்துத் தைத்தது.

முன்வரிசை:
ஒலிநாடா சொல்றதுதான் சரி. ஏசி/டிசி ராக் குழுவைப் பாருங்க. பாடகர் பான் ஸ்காட் 1980 பிப்ரவரியில செத்துப்போறார், ஜூலையில பிரையன் ஜான்சனை வச்சு பேக் இன் பிளாக் வெளியே வருது. தொண்டையே மாறியும் சத்தம் மாறல. மனசு இருந்தா முடியும்.

பேஸ்காரன்:
ஏசி/டிசி மாறலையா? அவங்க கிடாரிஸ்ட்டுங்க ஆங்கஸ், மால்கம் ரெண்டு பேருக்கும் அண்ணன் ஜார்ஜ் யங்கும் ஹாரி வாண்டாவும் தயாரிச்ச 1970-கள் ஆல்பத்தையும், 1979-ல தயாரிப்பாளர் மட் லாங்கே கையில வந்த ஹைவே டு ஹெல்லையும் அடுத்தடுத்துக் கேளுங்க. பல்லவியில எல்லாரும் சேர்ந்து பாடுற குரல் எவ்வளவு அடர்த்தியாச்சு, ஒவ்வொரு கிடாரும் எவ்வளவு பிரிஞ்சு கேட்குது! அந்த ஆளேதான் பேக் இன் பிளாக்கும் பண்ணார். மாற்றம் பான் ஸ்காட் உயிரோட இருந்தப்பவே நடந்தாச்சு. நமக்குப் பிடிச்சதால மாற்றம்னு தோணல, அவ்வளவுதான்.

முன்வரிசை:
அதை யோசிக்கல. ஆனா திரும்பத் திரும்ப வர்ற கிடார் வரி, அந்த ரிஃப், அதே ரிஃப்தானே!

குச்சி:
எல்லாரும் கிடாரையே பேசுறீங்க. 2003-ல வந்த மெட்டாலிக்காவோட செயின்ட் ஆங்கர் ஆல்பம் பத்தி வாயே திறக்கலையே. ஸ்னேர் டிரம்முக்கு அடியில, கீழ்த்தோலை ஒட்டினாப்ல சுருள்கம்பிங்க வரிசையா இருக்கும். பக்கத்துல ஒரு சின்ன லீவர். அதைத் தட்டிவிட்டா கம்பி தோலைவிட்டு விலகிடும், 'சட்'டுனு வெடிக்கிற சத்தம் போய் வெறும் தகரடப்பா சத்தம்தான் மிஞ்சும். லார்ஸ் கம்பியை விலக்கி வச்சே ஆல்பம் முழுக்க அடிச்சார். கிடார் சோலோவும் கிடையாது. பேஸ் வாசிக்க ஆளே இல்ல, நியூஸ்டெட் 2001-லயே விலகிட்டார். வாசிச்சது யார் தெரியுமா? ஒலிநாடா திட்டுற அதே பாப் ராக். விலைபோறவன் இப்படி ஒரு டப்பா சத்தத்தை விக்கக் கொண்டுவருவானா?

ஒலிநாடா:
அது விலைபோனதல்ல, வழிதவறியது. இரண்டும் வேறு. (அந்த ஆல்பத்தை முழுசாக ஒரே ஒரு முறை கேட்டேன். வீட்டில் என்ன உடைந்தது என்று கேட்டார்கள்.)

புதுக்காது:
நான் ரேடியோஹெட் குழுவின் ரசிகை, இடையில் வரலாமா? அவர்களுடைய ஓகே கம்ப்யூட்டர் ஆல்பம் 1997, கிட் ஏ 2000. மூணே வருஷத்தில் கிடாரைக் கிட்டத்தட்ட ஓரங்கட்டி, சிந்தசைசர், ஓண்ட் மார்ட்டெனோ என்கிற பழைய மின்னணு வாத்தியம் என்று போய்விட்டார்கள். தயாரிப்பில் அதே நைஜல் காட்ரிச். அதனால் எல்லாப் பழியையும் தயாரிப்பாளர் தலையில் போடுவது எனக்கு ஒப்பவில்லை. அந்த ஆல்பமும் அமெரிக்காவில் முதலிடத்தில்தான் நுழைந்தது.

பேஸ்காரன்:
வாங்க வாங்க. நான் பழி போடலைங்க, பாராட்டுறேன். ஒலிநாடா அண்ணனுக்கு ஒண்ணே ஒண்ணு. 1984-லயே மெட்டாலிக்கா ஃபேட் டு பிளாக் பாட்டுக்கு அக்கூஸ்டிக் கிடார் எடுத்தப்ப, "போச்சு, விலைபோயிட்டாங்க"ன்னு பழைய ரசிகர்கள் கத்தினாங்க. இன்னிக்கு அது உங்களுக்குப் பிடிச்ச பாட்டுப் பட்டியல்ல இருக்கா இல்லையா?

ஒலிநாடா:
இருக்கிறது. மேலே மூன்றாவது.

பேஸ்காரன்:
அது போதும்ணே. இப்ப என் வயித்தெரிச்சல். 2018-ல ஜஸ்டிஸ் ரீமாஸ்டர் வந்துச்சு. முப்பது வருஷம் கழிச்சாவது பேஸை ஏத்துவாங்கன்னு காத்திருந்தேன். மறுபடி மிக்ஸ் பண்ணவே இல்ல, பழசையே தொடைச்சுக் கொடுத்துட்டாங்க.

ஒலிநாடா:
அதைத் தொடாமல் விட்டதற்காக மட்டும் லார்ஸுக்கு ஒரு கும்பிடு. நீங்கள் பேஸ் ஏற்றிய ரசிகர் பதிப்பைத் தேடிக்கொள்ளுங்கள், இணையத்தில் கிடக்கிறது.