ஓநாய் நடந்து வந்ததா, லாரியில் வந்ததா?

வில்லியனூரான்:
நேற்று இங்கே ஒருவர் எழுதியதைப் பார்த்தீர்களா? "பிரான்ஸில் ஓநாய் அற்றுப்போய்ப் பல காலம் ஆகிறது. அரசாங்கமே லாரியில் கொண்டுவந்து மலையில் அவிழ்த்துவிட்டு ஆட்டுக்காரன் வயிற்றில் அடிக்கிறது. நாளை பண்ருட்டி முந்திரிக்காட்டிலும் விடுவார்கள்" என்கிறார். பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டாமா? இத்தாலியில் 1970களில் ஓநாய் வேட்டைக்குத் தடை வந்தது. இனம் பெருகியது, மலையைத் தாண்டியது. 1992-இல் இத்தாலி எல்லையை ஒட்டிய பிரான்ஸின் மெர்க்காந்தூர் தேசியப் பூங்காவில் இரண்டு தென்பட்டன. மரபணுவும் இத்தாலி வகை. இதில் லாரி எங்கே வந்தது?

முந்திரிக்காட்டான்:
அந்த "ஒருவர்" நான்தான் ஐயா. பெயர் சொல்லக்கூட மனம் வரவில்லை. பலாப்பழ விவாதத்தில் பட்ட காயம் இன்னும் ஆறவில்லை போலிருக்கிறது. மரபணு இத்தாலி வகை என்றால் ஓநாய் இத்தாலி ஓநாய், அவ்வளவுதான். லாரியில் ஏற்றினால் மரபணு மாறிவிடுமா?

வில்லியனூரான்:
பிரெஞ்சு நாடாளுமன்றக் குழு 2003-இல் இதையெல்லாம் விசாரித்து அறிக்கையே கொடுத்தது. லாரி ஓட்டுநர் ஒருவரும் சிக்கவில்லை. என் மைத்துனர் பிரான்ஸில் துலூஸ் நகரில் இருக்கிறார், அவரிடமும் கேட்டுவிட்டேன்.

முந்திரிக்காட்டான்:
வந்துவிட்டாரா துலூஸ் மைத்துனர்! ரொட்டி விலையானாலும் ஓநாயானாலும் அவர்தான் சாட்சி. அவர் ஆடு மேய்க்கிறாரா?

கெடிலக்கரை:
இருவரும் வேறு வேறு நாட்டைப் போட்டுக் குழப்புகிறீர்கள். கொண்டுவந்து விட்டது அமெரிக்காவில். யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் 1995-இல் கனடாவிலிருந்து 14 ஓநாய். கொலராடோ மாநிலத்தில் 2020-இல் வாக்கெடுப்பு நடத்தி, 2023 டிசம்பரில் ஆரிகன் மாநிலத்திலிருந்து 10. ஆதரித்து வாக்குப் போட்டவர்களில் நகரவாசிகள் அதிகம், மாட்டைப் பறிகொடுப்பவர் பண்ணைக்காரர். மாடு ஒன்றுக்கு 15,000 டாலர் வரை இழப்பீடு உண்டு என்றாலும் புகைச்சல் அடங்கவில்லை.

முந்திரிக்காட்டான்:
கேட்டுக்கொள்ளுங்கள் வில்லியனூராரே. கொண்டுவந்து விட்டார்கள்! லாரி!

வில்லியனூரான்:
ஆரிகனிலிருந்து விமானத்தில் வந்தன. அங்கேயும் உங்கள் லாரி இல்லை.

முந்திரிக்காட்டான்:
விமானத்திலிருந்து காட்டுக்கு ஆட்டோ பிடித்தா போயின?

படல்கட்டி:
இங்கே ஆடு வளர்ப்பவன் நான் ஒருவன்தான் என்று தெரிகிறது. நாய் கடித்த ஆட்டைப் பார்த்திருக்கிறீர்களா? பின்தொடை நார்நாராகக் கிழிந்திருக்கும், உயிர் போகாது, கண் மட்டும் சுழன்றுகொண்டிருக்கும். நரி என்றால் ஆட்டுக்குட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடும், படலின் அடியில் ஒரு பிடி மயிர்தான் மிச்சம். பிரான்ஸில் ஆண்டுக்குப் பத்தாயிரம் கால்நடைக்கு மேல் ஓநாய்க்குப் போகிறது. அந்த ஆட்டுக்காரனிடம் போய் நடந்து வந்த ஓநாயா, ஏறி வந்த ஓநாயா என்று கேளுங்கள், கோலாலேயே பதில் சொல்வான்.

வில்லியனூரான்:
அவனுக்கு அரசு பணம் கொடுக்கிறது, காவலுக்குப் பத்தூ என்ற பெரிய வெள்ளை நாய் வைத்திருக்கிறான். மொத்தம் ஆயிரம் ஓநாய்தான், அதிலும் கிட்டத்தட்ட ஐந்தில் ஒன்றைச் சுட அனுமதி. வேட்டைக்காரர்களுக்கு வேறு கவலை, தாங்கள் சுட வேண்டிய மானை அது தின்கிறதாம். இவ்வளவு இருந்தும் ஒப்பாரி.

முந்திரிக்காட்டான்:
ஒப்பாரியா? ஐரோப்பிய ஆணையத் தலைவி உர்சுலா ஃபொன் டெர் லெயன் வளர்த்த டாலி என்ற மட்டக்குதிரையை 2022-இல் ஓநாய் கொன்றது. 2024 டிசம்பரில் ஐரோப்பாவின் காட்டுயிர்களைக் காக்கும் பெர்ன் உடன்படிக்கையில் ஓநாயின் பாதுகாப்பு ஒரு படி இறங்கியது. இரண்டுக்கும் தொடர்பே இல்லையாம், நம்புவோம். படல்கட்டியின் ஆடு செத்தால் எந்த உடன்படிக்கை இறங்கும்? வில்லியனூராருக்கு என்ன, வீட்டில் பிரெஞ்சு ஓய்வூதியம் வருகிறது, ஓநாய் பக்கம்தான் பேசுவார்.

வில்லியனூரான்:
என் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் உழைத்து வாங்கிய ஓய்வூதியம் அது, உங்கள் முந்திரிக்கொட்டையில் காய்த்ததல்ல. அதை இழுத்தால் நானும் உங்கள் கூட்டுறவுக் கடன் தள்ளுபடியை இழுப்பேன்.

படல்கட்டி:
என் ஆட்டை யாரும் இழுக்க வேண்டாம், ஏற்கெனவே நரி இழுத்துவிட்டது.

கெடிலக்கரை:
ஓநாயை விடுங்கள் ஐயா. மணிலா என்னும் நிலக்கடலைக் கொல்லையைக் காட்டுப்பன்றி கிளறுவதைப் பேசுங்களேன். காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்தால் வனத்துறையே சுடும் என்று தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் அறிவித்தார்கள்.

முந்திரிக்காட்டான்:
அந்த 3 கிலோமீட்டரைப் பன்றி அளந்துகொண்டா வரும்? இரண்டே முக்காலில் நின்று தின்றால் என்ன செய்வது?

வில்லியனூரான்:
அறிவிப்பை முழுதாகப் படியுங்கள். 1 முதல் 3 வரை பிடித்துக் காட்டில் விடுவார்கள்.

முந்திரிக்காட்டான்:
பிடித்து எதில் ஏற்றிக்கொண்டு போவார்கள்? அதை மட்டும் சொல்லுங்கள்.